பெரி என்றால் பெரிசா?

கொழும்புத் துறைமுகத்து அரிசிக் கிட்டங்கியில், காலையில் நாற்பது மூட்டை இறக்கிவிட்டுத்தான் அழகுமுத்து வெற்றிலை போடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு மாதமாகப் பாதம் மரத்துப்போயிருந்தது. கால் வீங்கியிருந்தது. கொட்டாஞ்சேனை மேட்டில் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். "முடியல தாயி" என்று மகள் பாக்கியலெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொள்வார். பாக்கியத்துக்குப் பத்து வயது. தோள் வலித்தாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

ஒருநாள் காலையில் அவர் தனியே டிஸ்பென்சரிக்குப் போனார். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டதும் அழகுமுத்துவுக்குக் காது அடைத்துவிட்டது. மருந்து கலக்குகிற பூபாலசிங்கம் ஐயா அதற்குப் பிறகு என்னென்னவோ சொன்னார். ஒன்றும் உள்ளே போகவில்லை.

பாக்கியம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அம்மா வெள்ளையம்மா அழுதுகொண்டே சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குப் பெரிபெரியாம்" என்றாள் அம்மா. "ஒரு பெரிய வியாதியே தாங்காது. இது ரெண்டு பெரிசு."

சாகிறதென்றால் சொந்த ஊரில் சாக வேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். மாலை ரயிலில் கோட்டையிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இந்தியா. பெட்டியைக் கட்டக் கயிறு வாங்கிவரப் பாக்கியத்தை அனுப்பினார்கள்.

போகிற வழியெல்லாம் பாக்கியத்துக்கு ஒரே யோசனை. அவ்வளவு பெரிய வியாதி என்றால், அப்பாவை நடந்தே வீட்டுக்குப் போகும்படி டாக்டர் விடுவாரா?

கயிற்றோடு திரும்பும்போது, மேட்டில் இரண்டு பேர் தேங்காய் வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் மூத்தவர் நின்றுவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெரி மல்லி, பெரி" என்றார்.

பாக்கியத்தின் கால் அப்படியே நின்றது. தெருக் குழாயடியில் விளையாடி விளையாடிக் கற்ற சிங்களம் அவளுக்கு நன்றாகத் தெரியும். முடியவில்லை தம்பி, முடியவில்லை!

அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

பூபாலசிங்கம் ஐயா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பெரிபெரி தமிழா, சிங்களமா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

பதினெட்டு வருடமாக அவரிடம் எல்லாரும் மருந்துதான் கேட்டிருக்கிறார்கள். வார்த்தைக்கு அர்த்தம் கேட்டது இவள் ஒருத்திதான். கதவை மறுபடி திறந்தார். டாக்டரின் மேசையில் இருந்த தடித்த புத்தகத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"சிங்களத்தில இருந்து வந்த பேர் எண்டுதான் இதில போட்டிருக்கு. ஏலாது, ஏலாது எண்டு அர்த்தமாம்."

"அப்போ பெரிய வியாதி இல்லீங்களா?"

"கவனிக்காமல் விட்டால் பெரிசுதான், பிள்ளை. சாப்பாட்டை மாத்தினால் சுகம் வரும். இதைக் காலமையே உன்ர அப்பாவுக்குச் சொன்னனான்."

அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தார். கிட்டங்கியில் கிடைக்கிற, மல்லிகைப்பூ மாதிரி தீட்டிய வெள்ளை அரிசியும் ரசமும்தான் மாதக்கணக்காக என்று பாக்கியம் பெருமையோடு சொன்னாள். பூபாலசிங்கம் ஐயா தலையில் கைவைத்துக்கொண்டார். அரிசியைத் தீட்டும்போது தவிடு போகிறது, தவிட்டோடு சத்தும் போகிறது என்று விளக்கினார். தவிடு போகாத சிவப்பரிசி, பாசிப்பயறு, தினமும் ஒரு கோப்பை தவிட்டுக் கஞ்சி என்று அடுக்கினார். பாக்கியம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டே ஓடினாள்.

அழகுமுத்து நம்பவில்லை. சின்னப் பிள்ளைக்கு ஆறுதலாகப் பூபாலசிங்கம் ஐயா ஏதோ சொல்லியிருக்கிறார் என்று தலையை ஆட்டினார். ரயிலுக்கு நேரமாகிறது என்றார்.

பாக்கியம் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா, ஒங்ககூட வேலை செய்யிற சில்வா மாமா, மூட்டையைத் தூக்க முடியலேன்னா என்ன சொல்வாரு?"

"பெரின்னு சொல்வான்."

"ரொம்ப முடியலேன்னா?"

"பெரி, பெரின்னு..." தன் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடப் பாவமே, இதத்தானே ஒரு மாசமா நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிவப்பரிசி வாங்கக் கடைக்குப் புறப்பட்டாள். அன்றைய ரயில் அவர்கள் இல்லாமலேயே போனது.

ஆறு வாரம் கழித்து அப்பாவும் மகளும் டிஸ்பென்சரிக்குப் போனார்கள். வழியில் அவர் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்தார். டிஸ்பென்சரி பெஞ்சில் ஒரு பெண், வீங்கிய கால்களோடு, டாக்டர் சொன்ன வார்த்தையை முணுமுணுத்தபடி வெளிறிப்போய் இருந்தார்.

பாக்கியம் வாயெடுப்பதற்குள் அழகுமுத்து முந்திக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா," என்றார். "அது பெரிசு இல்ல. சிங்களம்."