இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

ஒரு மென்பொருளைக் கட்டியெழுப்ப கம்ப்யூட்டரில் என்னென்ன பேக்கேஜ் வேண்டும், எது எதை நம்பியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. நாலு வருஷமாகப் பட்டியல் தலைகீழ்ப் பாடம்: இருநூற்றுப் பதினொன்று. இன்றோ இருநூற்றுப் பன்னிரண்டு. மழை மூட்டத்தில் மதியமே மங்கிக் கிடந்தது, ஜன்னல் வழியே ஈரச் சிமெண்ட் வாசனை வந்துகொண்டிருந்தது, காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாத அவள் ஆறு வயது மகள் வாலு பக்கத்து அறையில் படம் வரைந்தபடி ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள்.

கூடுதலாக இருந்ததற்குப் பெயர் இல்லை. நிறுவிய தேதி, ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை. அளவு, பதினெட்டு கிலோ.

கிலோவா? எந்தப் புண்ணியவான் பார்த்த வேலையோ என்று எரிச்சல்தான் வந்தது. கூட வேலை செய்பவருக்குப் போன் போட்டாள்.

"இதை யாருங்க சேர்த்தது?"

"நான் தொடவே இல்லைங்க. எதுக்கும் தேவைப்படலைன்னா தூக்கிடுங்க. இன்னிக்கே சாஃப்ட்வேர் பில்டு போகணும்."

தூக்கினாள். நிச்சயமாகவா என்று பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவி கேட்டது. ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற கேள்வி, அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? விரல் தன்பாட்டுக்கு 'ஆம்' என்று தட்டிவிட்டது.

முனகல் நின்றது.

"வாலு?"

எழுந்து போய்ப் பார்த்தாள். கட்டில் இல்லை. சுவரில் படங்கள் இல்லை. ஒரு இஸ்திரிப் பலகையும் இரண்டு பழைய பெட்டிகளும் தூசியோடு கிடந்தன. அப்போதுதான் அந்த வியாழக்கிழமை உறைத்தது. வாலு பிறந்த நாள். பதினெட்டு கிலோ, அவள் எடை. கணவனைக் கூப்பிட்டாள்.

"பாப்பாவ நீங்க கூட்டிட்டுப் போனீங்களா?"

"எந்தப் பாப்பா? என்னம்மா ஆச்சு உனக்கு?"

கம்ப்யூட்டருக்கு ஓடினாள். திரும்ப நிறுவு. திரும்ப நிறுவு.

கிடைக்கவில்லை என்றது கருவி. நிகரான ஒன்று இருக்கிறது. அது இயங்க வேறு நான்கு வேண்டும், அவையும் கூடவே வரும். சம்மதமா?

இந்த முறை படித்தாள். எழுத்து எழுத்தாக. படித்துவிட்டுத்தான் தட்டினாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

"அம்மா."

அதே குரல். திரும்பினாள்.

வாசலில் வாலு. பின்னால் நான்கு பேர், உத்தரத்தில் தலை இடிக்காமல் குனிந்தபடி. ஒருவர் வாலுவின் கால்களை நகர்த்தினார். ஒருவர் கைகளை விரித்தார். ஒருவர் இமைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான்காமவர் இரண்டு விரல்களால் அவள் தாடையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அம்மா."