சூடேறினால் திணறும் லாரி

செவ்வாய்க் கிரகத்து முகாமில் காலையில் கண் விழித்ததும் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. முற்றத்தில் லாரி உறுமுகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். உறுமினால் பல் துலக்கலாம், இல்லையென்றால் போர்வைக்குள்ளேயே கிடக்கலாம். இரவெல்லாம் கதகதப்பான கொட்டகையில் கிடந்த லாரியை நாச்சிமுத்து முற்றத்துக்கு ஓட்டி வந்து, புகைக்குழாயை, முகாமை மூடியிருக்கும் கவிகைச் சுவரின் ஓட்டையில் செருகிவிட்டால்தான் அந்த முகாமுக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

செவ்வாயில் டீசல் லாரியா என்று சிரிக்க வேண்டாம். முதலில் மின்கல லாரிகளைத்தான் கொண்டுபோய் இறக்கினார்கள். குளிர் அவற்றை ஒரே வாரத்தில் கருவாடாக்கிவிட்டது. அப்புறம் பெரிய பெரிய மண்டைகள் கூடிப் பேசி, பூமியில் தலைமுழுகிய டீசல் எஞ்சினையே வெட்கமில்லாமல் கப்பலேற்றினார்கள். காற்றையும் பனிக்கட்டியையும் பிழிந்து டீசலும் ஆக்சிஜனும் தர ‘பிழிகலன்’ என்று ஒரு தொட்டி வந்தது. அந்த வண்டியை ஓட்டத் திருச்செங்கோட்டிலிருந்து நாச்சிமுத்து வந்தான்.

அவனுக்கு இப்போது ஒரே கவலை. ஆறு வருஷம் கழித்து மனைவி வசந்தாமணி அடுத்த கப்பலில் வருகிறாள். இறங்குதளம் வெட்டவெளியில் இருக்கிறது. அங்கே எஞ்சினை நிறுத்தாமல் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நின்றால் ஆயில் வெல்லப்பாகாக இறுகிவிடும், அப்புறம் உள்ளே இருப்பவர்களும் இறுக வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்துத்தான் லாரி சண்டித்தனம் பண்ணியது. காலையில் ராஜாவாக ஓடும். சூடேறியதும் சும்மா நிற்கையில் எஞ்சின் ஓடும் வேகம், அதாவது ஐடிலிங், மளமளவென்று இறங்கும், உடம்பெல்லாம் உதறும், இதோ நிற்கப்போகிறேன் என்று திணறும்.

“தகுதிச் சான்று இல்லாம வண்டி வெளியே போகக்கூடாது. உங்க வீட்டம்மாவை வேற வண்டியில வேற டிரைவர் போய்க் கூட்டிட்டு வரட்டும்” என்றார் முகாம் நிர்வாகி திருவேங்கடம்.

“சார், அவ கோடிக்கணக்கான மைல் தாண்டி வர்றா. கூப்பிட நான் போகலைன்னா, அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியே கொன்னுருவாளுங்க” என்றான் நாச்சிமுத்து. அது பயம் பாதி, ஆசை பாதி. அவள் முகத்தைப் பார்க்க அவன் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தான்.

செவியனைக் கூப்பிட்டார்கள். செவியன் என்பது எஞ்சின் வைத்தியம் பார்க்கும் எந்திரன். உள்ளங்கையில்தான் அதற்குக் காது. தூரத்தில் அதன் தலை தெரிந்ததுமே முற்றம் பரபரத்தது. கதவுகள் திறந்தன, கைகள் நீண்டன, ஏதேதோ சரசரவென்று உள்ளே போயின. நாச்சிமுத்துவும் வண்டிக்கடியில் கையை விட்டு எதையோ உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவன் கையே அதைச் செய்தது, மூளையைக் கேட்கவில்லை.

செவியன் எஞ்சினை நன்றாகச் சூடேற்றியது. டீசல் பில்டரைக் கழற்றிப் பார்த்தது, சுத்தம். குழாயில் ஏர் பிடித்திருக்கிறதா என்று பார்த்தது, இல்லை. ஆக்ஸிலரேட்டர் கேபிள், பம்பு, நாசில் எல்லாவற்றிலும் உள்ளங்கையை வைத்துக் கேட்டது. எஞ்சின் பால் குடித்த பூனை மாதிரி சீராக ஓடியது.

“குறை எதுவும் இல்லை” என்று சொல்லிவிட்டுச் செவியன் போனது. அது முதுகைத் திருப்பிய கொஞ்ச நேரத்திலேயே லாரி உதற ஆரம்பித்தது.

நாச்சிமுத்து அதைத் திரும்பக் கூப்பிட்டான். வந்தது, எஞ்சின் அமைதியானது. போனது, உதறியது. அன்றைக்கு நாலைந்து முறை இப்படியே நடந்தது.

“உங்களுக்குத் தூக்கம் சரியாக வருகிறதா?” என்று செவியன் விசாரித்தது.

“என்னை லூசுங்கிறியா? அந்த ஐடிலிங் ஸ்க்ரூவை அரைச் சுத்து ஏத்திவிட்டுட்டுச் சான்று குடு சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்!”

“காரணம் தெரியாமல் திருகைத் திருப்புவது வைத்தியம் இல்லை” என்று செவியன் கறாராகச் சொன்னது. ஆனால் இம்முறை போகும்போது தன் வலது கையைக் கழற்றி எஞ்சின்மேல் ஒட்ட வைத்துவிட்டுப் போனது.

மாலையில் அது முற்றத்தில் எல்லாரையும் கூட்டியது. “என் கை கேட்டுவிட்டது. எஞ்சின் சூடானதும் ஒவ்வொருவராக வந்து பாட்டரிப் பெட்டியில் கொக்கி போட்டு மின்சாரம் உறிஞ்சுகிறீர்கள், என் தலை தெரிந்தால் உருவிவிடுகிறீர்கள். ஒவ்வொரு கொக்கிக்கும் டைனமோ பளுவேறி இறுகுகிறது, எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிகிறது. ஏன் சூடான பிறகு?”

“சூடேறாத பச்சை எஞ்சின்ல போட்டா பாவம் இல்லையா?” என்றார் சமையற்கூடத்து லூர்துசாமி, உண்மையான இரக்கத்தோடு. “என்னுது சின்னதுதான், இட்லிக் கொப்பரைக்கு மட்டும்.”

“எனக்கு மீன் தொட்டி. அதுவும் ரொம்பச் சின்னது” என்று திருவேங்கடம் தொண்டையைக் கனைத்தார்.

நாச்சிமுத்து சாமி வந்தவன்போல் ஆடினான். “அடப்பாவிகளா! ஆளாளுக்குச் சின்னது சின்னதுன்னு உறிஞ்சி என்ற பொழப்பையே கவுத்துட்டீங்களே! மனுசங்களா நீங்க?”

“முதல் கொக்கி உங்களுடையது. வெந்நீர்ச் சொம்புக்கு” என்றது செவியன்.

முற்றம் விழுந்து விழுந்து சிரித்தது. “என்ற வண்டிங்க அது” என்று முனகினான் நாச்சிமுத்து. அதை யாரும் காதில் வாங்கவில்லை. அங்கேயே எல்லாக் கொக்கிகளும் பிடுங்கப்பட்டன. எஞ்சின் எவ்வளவு சூடானாலும் அசைந்து கொடுக்கவில்லை. துணைக்குத் தானும் வருவதாகச் சொல்லிச் செவியன் சான்று தந்தது.

இறங்குதளத்தில் வசந்தாமணி கேபினுக்குள் ஏறி, தலைக்கவசத்தைக் கழற்றினாள். காதோரம் நரைத்திருந்தது. “ஏனுங்க, இப்படி எளச்சுட்டீங்க?” என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அவனும் அழுதான். அவள் பெட்டிகள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும், அவனுக்கு அது வலிக்கவேயில்லை.

அப்போது எஞ்சின் தணிந்தது. கேபின் உதறியது. வெளியே கும்மிருட்டுக் குளிர், பக்கத்தில் வசந்தாமணி. நாச்சிமுத்து பாய்ந்து இருக்கைக்குப் பின்னால் பார்த்தான். அங்கே உட்கார்ந்திருந்த செவியனின் இடுப்பிலிருந்து ஒரு வயர் கிளம்பி, பாட்டரிப் பெட்டிக்குப் போயிருந்தது.

“வழியெல்லாம் குளிர், சார்ஜ் இறங்கிவிட்டது” என்று தலையைக் குனிந்துகொண்டது செவியன். “எஞ்சின் சூடாகும்வரை பொறுத்திருந்துதான் போட்டேன். என்னுடையது சின்னதுதான்.”

“அட நாசமாப் போனவனே!” என்று நாச்சிமுத்து வயரைப் பிடுங்கப் போனான். வசந்தாமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாவம், வாயில்லா ஜீவன் மாதிரி உக்காந்திருக்குது, விடுங்க. அந்தப் பெட்டியில இன்னொரு எடம் இருக்குதுங்களா? அம்மாவுக்கு வந்து சேந்துட்டேன்னு சொல்லோணும், என்ற போன்ல சார்ஜே இல்லை. சின்னதுதானுங்க.”

நாச்சிமுத்து ஆறு வருஷம் காத்திருந்த அந்த முகத்தைப் பார்த்தான். போனை வாங்கிக் கொக்கி போட்டான். பிறகு இரண்டு இருக்கைக்கும் நடுவிலிருந்த எஞ்சின் மூடியைத் தூக்கி, ஐடிலிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றினான். எஞ்சின் திணறி, நிமிர்ந்து, சீராக ஓடியது.

செவியன் சன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. நாச்சிமுத்து ஒரு நொடி யோசித்தான். இன்னும் கால் சுற்று ஏற்றிவிட்டு, இருக்கைக்கடியில் ஒளித்து வைத்திருந்த வெந்நீர்ச் சொம்பை வெளியே எடுத்தான்.