இன்ஜினுக்கு எத்தனை நம்பர்?

“இன்ஜின் மாத்தியிருக்கான்னு பாத்துட்டு வாங்கு” என்று பெரியப்பா போனில் சொன்னாலும் சொன்னார், அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எப்படிப் பார்ப்பதாம்? காரின் பதிவுப் புத்தகத்தில் ஒரு நம்பர் இருக்குமாம். அதே நம்பர் இன்ஜினிலும் இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் அது வேறு இன்ஜின்.

பழைய காரை விற்பவர் பக்கத்துத் தெரு டைலர் மாமா. அப்பாவும் அம்மாவும் அவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவர்களின் பத்து வயது மகள் வாண்டுவும் ஒட்டிக்கொண்டாள்.

“வாங்கினதுலேர்ந்து இதே இன்ஜின்தான் சார்” என்று மாமா பதிவுப் புத்தகத்தைக் கொடுத்து, பானெட்டைத் திறந்துவிட்டார்.

அப்பா டார்ச்சோடு குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சரியில்லை.

“வேற நம்பரா இருக்கே!”

“தள்ளுங்க. முதல்ல உங்க கண்ணாடிய மாத்தணும்” என்று அம்மா குனிந்தாள். அவள் படித்த நம்பர் புத்தகத்தோடும் ஒத்துப்போகவில்லை, அப்பாவோடும் ஒத்துப்போகவில்லை.

டைலர் மாமா பதறிப்போய்த் தானே பார்த்தார். தன் பங்குக்கு மூன்றாவதாக ஒரு நம்பரைச் சொல்லிவிட்டுத் திருதிருவென விழித்தார்.

“என்ன டைலர் இது? உங்கள நம்பித்தானே வந்தோம்?” அப்பாவின் குரல் உயர்ந்தது.

மாமாவின் முகம் வாடிவிட்டது. “இத்தனை வருஷமா உங்க வீட்டுக்குத் தைக்கிறேன். ஒரு துண்டுத் துணி எடுத்திருப்பேனா? வேணாம் சார், வண்டிய நான் விக்கல.”

அவர் கண் கலங்கியதைப் பார்த்து வாண்டுவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாமா பொய் சொல்கிறாரா? பொய் சொல்கிறவர் தப்பான நம்பரைத் தானே ஏன் படித்துக் காட்ட வேண்டும்? இன்ஜினை மாற்றியே இருந்தாலும் தப்பான நம்பர் ஒன்றுதானே இருக்கும்? மூன்று எப்படி?

மாமா பானெட்டை மூடப் போனார். “மூடாதீங்க மாமா!” என்று வாண்டு தடுத்தாள். “ மூணு பேரும் நீங்க படிச்ச நம்பர் மேல விரல வைங்க.”

வைத்தார்கள். அப்பாவின் விரல் இன்ஜின் மூடிமேல் இருந்தது. மாமாவின் விரல் தண்ணீர் ஊற்றும் டப்பாமேல் இருந்தது. அம்மாவின் விரலோ...

“அம்மா, அது பேட்டரி!”

“அதுலயும் நம்பர் போட்டு வெச்சா நான் என்ன பண்றது?”

“அப்போ நிஜ நம்பர் எங்க?” என்று அப்பா குழம்பினார். யாருக்கும் தெரியவில்லை.

வாண்டு யோசித்தாள். மூடியைக் கழற்றலாம். டப்பாவைக் கழற்றலாம். பேட்டரியையும் கழற்றலாம். கழற்ற முடியாத இடத்தில்தானே இன்ஜினுக்கு நம்பர் போடுவார்கள்?

ஆறிப்போயிருந்த இன்ஜினின் பெரிய இரும்புப் பகுதியைப் பழந்துணியால் துடைத்தாள். பிசுக்கு வந்தது, மறுபடியும் பிசுக்கே வந்தது. பிறகு விரலில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்பட்டன. ஆனால் படிக்க முடியவில்லை.

“மாமா, ஒரு பேப்பரும் பென்சிலும் கொடுங்க.”

பள்ளிக்கூடத்தில் நாணயத்தின் மேல் பேப்பரை வைத்துத் தேய்ப்பார்களே, அப்படித் தேய்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையாய் எழுந்து வந்தது. அம்மா புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, வாண்டு பேப்பரைப் பார்த்துச் சரி சரி என்றாள். கடைசி எண்ணுக்கும் சரி என்றாள்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. “மன்னிச்சுடுங்க அண்ணே. அவசரப்பட்டுப் பேசிட்டேன்.”

மாமா சாவியை எடுத்து வாண்டுவின் கையில் வைத்தார். அப்பா தயங்கித் தயங்கிக் கார்க் கதவைத் தொட்டார்.

“சார், நில்லுங்க!” என்று மாமா கத்தினார். “கையக் கழுவிட்டு ஏறுங்க. சீட் உறை நான் தச்சது!”