வெறும் பனி

ஜெனரேட்டரின் புகைக்குழாய் குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தம்தான் சரியாக வரவில்லை, போர்வைக்குள் யாரோ இருமுவதுபோல அடங்கிக் கேட்டது. அம்மையப்பன் காதைக் குடைந்துகொண்டே கேபின் கதவைத் திறந்தார். வெட்டிப்போட்ட பாறை, ரோடு ரோலர், காலையில்கூடச் சிவப்பாகக் கிடந்த ராஸ் அல் கைமா மலைப்பாதை, எல்லாவற்றின் மேலும் பஞ்சுபோல வெள்ளை விழுந்துகொண்டிருந்தது. கையில் பிடித்துப் பார்த்தார். ஐஸ் பெட்டியில் சுரண்டியதுபோலப் பல்லைக் கூசவைக்கும் குளிர். மாசி மாதம், அதுவும் அரபு நாட்டில். இந்த ஊரில் வானத்தைக்கூட நம்ப முடியாது என்று காறித் துப்பினார்.

இன்றைக்கென்று பார்த்தா வர வேண்டும்? மற்றவர்கள் மதியமே கேம்புக்கு இறங்கிவிட்டார்கள். மெஷின்களுக்குக் காவல் இருந்த அவரைச் சாயங்காலம் சாகிர் பிக்கப்பில் வந்து ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. ராத்திரி விமானம். ஊரில் மனைவி நாகவள்ளிக்கு வயிற்றில் ஆபரேஷன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையில் படுக்கமாட்டேன் என்று போனில் அழுதிருந்தாள். சொன்னால் சொன்னதுதான். தள்ளிப்போட்டால் உயிருக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார்.

சாகிருக்குப் போன் போட்டார். அதிராம்பட்டினத்துப் பையன், வாய் ஓயாதவன். ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"பனி கொட்டுது தம்பி. வழியே தெரியல."

அவன் சிரித்தான். "மாசியில பனி கொட்டாம என்னண்ணே கொட்டும்? துண்டத் தலையில கட்டிக்கிட்டு நில்லுங்க. வெறும் பனிக்குப் போயி எவனாவது வண்டிய நிப்பாட்டுவானா?"

அவனுக்குப் பனி என்றால் விடியலில் வைக்கோலை நனைப்பது. அம்மையப்பனுக்கு அது அப்போதே புரிந்தது. இது அந்தப் பனி இல்லைடா, ஐஸ் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் வரமாட்டான். வாயை மூடிக்கொண்டார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஈரக் கல் வாடையும் டீசல் வாடையும் கலந்து மூக்கில் ஏற, வெளிச்சம் மெல்ல நீலம் பாரித்து, பள்ளத்தாக்கு அடிவரை ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லாமல் அடைத்துக்கொண்டு கிடந்தது. கீழே ஒரு வண்டி கியர் மாற்றி முக்கி ஏறுவது கேட்டது. ஒரு வளைவு ஏறியது. அடுத்த வளைவு. பிறகு தகரத்தைப் பாறைமேல் இழுத்ததுபோல நீளமாக ஒரு சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

அம்மையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் கழித்து இஞ்சின் மறுபடி கேட்டது. விளக்குகள் ஏறி வந்தன. பிக்கப் அவர் காலடியில் வந்து நின்றது. அப்பாடா என்று ஏறி உட்கார்ந்தார்.

சாகிர் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னடா, வாயில கொழுக்கட்டையா?"

"நேரமாச்சுண்ணே."

குரல் அவனுடையதுதான். வண்டி இறங்கியது. ஹீட்டர் போட்டிருந்தும் உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. அவர் மூச்சு புகையாகிக் கண்ணாடியில் படிந்தது. அவர் பக்கம் மட்டும். சாகிர் பக்கத்துக் கண்ணாடி துடைத்துவிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. அவன் புருவத்தில் வெள்ளை ஒட்டியிருந்தது. உருகவில்லை.

முன்னால் பார்த்தார். இப்போதுதான் ஏறி வந்த வண்டி. ரோட்டில் டயர்த் தடம் இல்லை.

"தம்பி, நிப்பாட்டு. ஒண்ணுக்கு வருது."

வண்டி நிற்கவில்லை. கதவுப் பிடியை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

வளைவு வந்தது. அங்கே தடம் இருந்தது. கீழிருந்து ஏறி வந்த இரண்டு கோடுகள். நேராக விளிம்புக்குப் போயின. திரும்பவில்லை.

வண்டி நின்றது. விளிம்பை ஒட்டி. அம்மையப்பன் எட்டிப் பார்த்தார்.

பள்ளத்தில் அதே பிக்கப். மூக்கு நசுங்கி, முன்கண்ணாடி சிதறி, விளக்கு எரிந்தபடி. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கின் மேல் சாகிர் கவிழ்ந்து கிடந்தான். முதுகு முழுக்க வெள்ளை.

பக்கத்தில் பிரேக் விடுகிற சத்தம் கேட்டது.

கீழே மறுபக்கக் கதவு விரியத் திறந்திருந்தது. கூரை விளக்கு மஞ்சளாக எரிந்தது. டாஷ்போர்டில், ஸ்டியரிங்கில், சாகிரின் தலையில், எங்கும் பனி. அவனுக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் ஒரு பொட்டுகூட விழவில்லை.