பன்னிரண்டு அவசர விளக்குகள்

2025 அக்டோபர் 1, புதன்கிழமை. ஆயுத பூஜை நாள். மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, திருப்பதி அலிபிரிச் சாலையிலுள்ள நான்கு மாடி விடுதி ஒன்றில் மின்சாரம் நின்றது. படிக்கட்டின் அவசர விளக்குகள் பன்னிரண்டில் ஒன்றுகூட எரியவில்லை. வெதுருகுப்பத்திலிருந்து தரிசனத்துக்கு வந்திருந்த செல்லியம்மா, இருட்டில் கால் இடறி உருண்டு, அங்கேயே உயிர்விட்டார்.

மறுநாள் காலை, ஓய்வுபெற்ற மின் ஆய்வாளர் தாட்சாயணியின் வாசலில் தேன்மொழி மூச்சிரைக்க நின்றாள். விடுதியின் எலக்ட்ரீஷியனான அவள் கணவன் தேவேந்திரனைப் போலீசார் அழைத்துச் சென்றிருந்தார்கள்.

"நேத்து காலையில எட்டு மணிக்குத்தான் பன்னெண்டையும் எரியவச்சிப் பாத்துகினு வந்தாரு, அக்கா. பாக்காமலே 'சரியா இருக்கு'ன்னு நோட்டுல எழுதிட்டாருன்னு ஓனர் சொல்றாரு. சாயங்காலத்துக்குள்ள ஜெயிலாம்!"

"அழறதை அப்புறம் வச்சிக்கோ. செருப்பை மாட்டு."

விடுதி உரிமையாளர் நாராயணசாமி அவர்களைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார். தாட்சாயணி ஒவ்வொரு விளக்கின் சோதனைப் பொத்தானையும் அழுத்தினார். பன்னிரண்டும் பளிச்சென்று எரிந்தன.

"ஒண்ணு எரியலன்னா ரிப்பேர்," என்றார் தாட்சாயணி. "பன்னெண்டும் நேத்து எரியாம இன்னிக்கு எரியுதுன்னா, யாரோ கை வச்சிருக்காங்க."

கீழ்த்தளத்து மின்பலகையில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் சந்தனமும் குங்குமமும் இடப்பட்டிருந்தன.

"பூஜை யார் பண்ணது?"

"நான்தாம்மா, வருஷா வருஷம். ஸ்விட்ச் எதையும் தொடல," என்றார் நாராயணசாமி.

மற்ற பொட்டுகள் வட்டம் குலையாமல் இருந்தன. அவசர விளக்குகளின் ஸ்விட்சில் மட்டும் பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது: ஒரு பாதி, மேலே தூக்கிய ஸ்விட்சின் நுனியில், மறு பாதி, கீழே பலகையில்.

"பார்த்தியா, தேன்மொழி? இந்த போர்டு ஸ்விட்ச்சுங்க மேல தூக்கினா ஆன், கீழ தள்ளினா ஆஃப். பொட்டு வச்சப்ப இது கீழ, ஆஃப்ல இருந்திருக்கு. காஞ்சப்புறம் யாரோ தூக்கியிருக்காங்க. இதை அணைச்சா, கரண்ட் போச்சுன்னு நெனச்சி விளக்குங்க பேட்டரியில எரியும்; மூணு மணி நேரம்தான் தாங்கும். படிக்கட்டு லைட்டும் எரிஞ்சதால யாரும் கவனிக்கல. நிஜமாவே கரண்ட் போனப்ப பேட்டரி காலி. ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏறினதால இப்ப எரியுது."

நாராயணசாமி அந்தப் பொட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆயுதத்துக்கு ஒரு நாள் ஓய்வு குடுக்கணுமேம்மா. லிஃப்டை நிறுத்த முடியுமா, ஃபேனை நிறுத்த முடியுமா? சும்மா கிடக்கிற விளக்குதானேன்னு அதை அணைச்சேன். அந்தம்மா விழுந்ததும் பயந்துபோய்ப் போட்டுட்டேன்."

"ஸ்விட்சைப் போட்டீங்க, சரி," என்றாள் தேன்மொழி. "எம் புருஷன் மேல பழியையும் சேத்துப் போட்டீங்களே, நைனா!"

அன்று நண்பகலில் நாராயணசாமி காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். தேவேந்திரன் விடுவிக்கப்பட்டான். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கும் தடயத்தை மாற்றியதற்கும் உரிமையாளர்மீது வழக்குப் பதிவாயிற்று. அவசர விளக்குகளின் ஸ்விட்சைத் தனிப் பெட்டியில் பூட்டி, அதன் சாவியை எலக்ட்ரீஷியனிடம் ஒப்படைக்கும்வரை விடுதியைத் திறக்கக் கூடாது என்று மின் ஆய்வாளர் அலுவலகம் உத்தரவிட்டது.