எடுத்த நீர்

அலாரம் ஓய்ந்து அரை மணித்தியாலம் ஆன பிறகுதான் தாதி கேதீஸ்வரிக்கு அந்தச் சத்தம் கேட்டது. வெறும் கிளாசில் ஸ்ட்ரோவை வைத்து யாரோ உறிஞ்சுகிற மாதிரி, சின்னதாக, விட்டு விட்டு, கட்டிலின் கால்மாட்டில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு இயந்திரங்களுக்கும் இடையிலிருந்து வந்தது. பகல் இரண்டு மணி. ஜன்னல் இல்லாத அறை என்பதால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. டெட்டோல் மணமும் சூடேறிய பிளாஸ்டிக் மணமும்தான் தெரியும்.

கட்டிலில் கிடந்தவன் சிவதர்ஷன், சாவகச்சேரிப் பக்கத்து வயல்காரன். வெள்ளம் வடிந்த வயலில் இறங்கி எலிக்காய்ச்சல் பிடித்து, நுரையீரலும் சிறுநீரகமும் ஒன்றாகக் கைவிட்டிருந்தன. பெரிய இயந்திரம் அவனுடைய இரத்தத்தை வெளியே இழுத்து, ஒட்சிசன் ஏற்றி, திருப்பித் தள்ளியது. அதன் குழாயிலேயே கொழுவியிருந்த சின்ன இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்து, மிஞ்சிய நீரை ஒரு பையில் வடித்தது. சின்ன இயந்திரத்தை, பெரியது இரத்தத்தைத் திருப்பித் தள்ளுகிற பக்கத்தில்தான் கொழுவ வேண்டும், இழுக்கிற பக்கத்தில் கொழுவினால் காற்றும் சேர்ந்து உள்ளே போய்விடும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் தள்ளுகிற பக்கத்தில் அழுத்தம் கூடிப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அலாரம் அடித்தது. காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு விசர் பிடித்துவிட்டது. ஒருவரையும் கேளாமல் இழுக்கிற பக்கத்துக்கு மாற்றினாள், அலாரம் ஓய்ந்தது. கழன்றுவிடுமோ என்ற பயத்தில் இரண்டு சுற்றுக் கூடவே முறுக்கினாள்.

இப்போது குனிந்து பார்த்தாள். பெரிய குழாயில் அவள் முறுக்கிய இணைப்பில் மயிரளவு வெடிப்பு. அதன் வழியே ஒரு குமிழி உள்ளே போனது. இடது உள்ளங்கையால் வெடிப்பைப் பொத்தியதும் சத்தம் நின்றது.

"ஜெயனி, டொக்டருக்குக் கோல் எடும். குழாய் வெடிச்சிட்டுது."

இளைய தாதி ஜெயனி வாசலுக்கு ஓடிப் பேசிவிட்டு வந்தாள்.

"அவர் வர ஒரு மணித்தியாலம் செல்லுமாம் அக்கா. மெஷினை நிப்பாட்டிக் குழாயைப் பூட்டினா ஆள் தப்பாதாம். நீங்கள் கையை எடுக்காமல் பொத்திக்கொண்டு இருக்கட்டாம்."

"நீர் எங்கை போறீர்?"

"பக்கத்து அறையிலை ஒராள் ஏலாமல் கிடக்கிறார். உடனை வாறன்."

கதவு சாத்திக்கொண்டது. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் சிவதர்ஷனின் மனைவி கஜந்தினி கைகூப்பியபடி நின்றாள். தன் தவறுக்கு அவள் கும்பிடு போடுகிறாளே என்று கேதீஸ்வரி வெட்கிப்போனாள்.

சின்ன இயந்திரத்தின் திரையைப் பார்த்தாள். மணிக்கு நூறு மில்லிலீற்றர் எடுக்கச் சொல்லியிருந்தது. மாற்றிக் கொழுவி முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, அதற்குள் எடுத்த நீர், முந்நூற்று நாற்பது. கணக்குப் பிசகியிருக்கும் என்று நினைத்தாள். உள்ளங்கையில் ஏதோ இழுத்தது, குழந்தை பால் குடிக்கிற மாதிரி மெதுவாக, விடாமல். தாகம் எடுத்தது. காலையில் மருதனார்மடச் சந்தையில் வாங்கிய, சாறு நிறைந்த தோடம்பழம் அலுமாரிக்குள் இருந்தது. எச்சில் விழுங்கப் பார்த்தாள், எச்சில் இல்லை.

எண்ணூறு. ஆயிரத்து இருநூறு.

பை மஞ்சளாகப் புடைத்துக்கொண்டு வந்தது. சிவதர்ஷனின் இமைகள் காலையில் வீங்கியிருந்தபடியே வீங்கியிருந்தன, கால் பாதமும் அப்படியே. அவன் உடம்பிலிருந்து ஒரு சொட்டும் குறையவில்லை. பிறகு இந்த நீர் எங்கேயிருந்து வருகிறது?

தன் கையைப் பார்த்தாள். புறங்கைத் தோல் வாடின கத்தரிக்காய் போலச் சுருங்கிக் கிடந்தது.

ஒரு விரலை உயர்த்தினாள். உறிஞ்சல் சத்தம். ஒரு குமிழி. சிவதர்ஷனின் மார்பு துடித்தது. கண்ணாடிக்கு அப்பால் கஜந்தினி வாயைப் பொத்தினாள். விரலைத் திரும்ப வைத்தாள். வேறென்ன செய்வாள்?

இரண்டாயிரம்.

போதும், விட்டுவிடலாம். அவளுக்கும் இணுவிலில் இரண்டு பிள்ளைகள். இழுத்தாள்.

கை வரவில்லை.

மறுபடி இழுத்தாள். வரவில்லை. முழங்கை வரை சுருக்கம். இமைக்கக் கண்ணில் ஈரமில்லை. மூவாயிரம். கூப்பிட்டாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.

கதவு திறந்தது. ஜெயனி நேரே கட்டிலுக்குப் போனாள். சிவதர்ஷன் கண் விழித்திருந்தான். உதடு சிவந்து, ஈரமாக இருந்தது.

"ஆள் தெளிஞ்சிட்டார் அக்கா. நீரும் நல்லா இறங்கியிருக்கு."

குறிப்பேட்டில் எழுதினாள். நிமிரவில்லை. நிறைந்த பையை இரண்டு கையாலும் தாங்கிக் கழற்றினாள்.

"டொக்டர் வர இன்னும் செல்லுமாம். அப்பிடியே பிடிச்சிருங்கோ."

கஜந்தினி மட்டும் பார்த்தாள். கண்ணாடியில் நெற்றி முட்ட, கேதீஸ்வரியின் குழிந்த கன்னத்தை, எலும்போடு ஒட்டிய கையை, எல்லாவற்றையும் பார்த்தாள். கூப்பிய கைகளை இறக்கவில்லை. விட்டிடாதேங்கோ, விட்டிடாதேங்கோ என்று அவள் உதடுகள் அசைந்தன.

ஜெயனி வெறும் பையைக் கொழுவினாள்.