குட்டையில் எத்தனை மீன்கள்?

விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது.

முதல் தடவை, குட்டை யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதற்குக் கடிதம் இல்லையாம். இரண்டாவது தடவை, கடிதம் இருக்கிறதாம்... ஆனால் முத்திரை மங்கலாம். இந்த முறை சிவப்பு மையில் ஒரே ஒரு வட்டம். 'குட்டையில் உள்ள மீன்களின் எண்ணிக்கை நிரப்பப்படவில்லை.'

ஷாமினிக்கு எங்காவது போய்த் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மலேசியாவில், ஈப்போ நகரை ஒட்டிய சிம்பாங் பூலாய் பக்கத்தில், ரப்பர் மரங்களெல்லாம் போன பிறகும் நிற்கிற தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அவள் ஆசிரியை. மொத்தமே முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பள்ளிக்குப் பின்னால், ஈயம் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன பெரிய குட்டை. போன வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வேலி தாண்டிப் போய், குச்சியில் நூல் கட்டித் தூண்டில் போட்டு, வழுக்கி உள்ளே விழுந்தார்கள். மாடு மேய்த்தவர் பார்த்ததால் பிழைத்தார்கள்.

தடுத்தால் திருட்டுத்தனமாகப் போகிறார்கள். உயிர்காப்பு அங்கி மாட்டி நாமே கூட்டிப் போனால் என்ன? பிள்ளைகளை மீன்பிடிக்க அழைத்துப் போக அரசாங்கம் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டதும் எழுதிப் போட்டாள். அவசரப்பட்டுப் பிள்ளைகளிடம் வாக்கும் கொடுத்துவிட்டாள். அடுத்த மாதக் கடைசியோடு மானியம் மூடப்படும்.

சனிக்கிழமை மதியம், குடையைத் தூக்கிக்கொண்டு குட்டைக்குப் போனாள். மீனை எண்ண முடியாது... படமாவது எடுத்து ஒட்டலாம்.

சுண்ணாம்பு மலைகளை மறைத்துக்கொண்டு மழை இறங்கியது. அங்கே, கரைச் சேற்றில், தூண்டிலும் கையுமாக ஒருவன்!

"ஹலோ! வெளியாளுங்க இங்க மீன் பிடிக்கக் கூடாதுலா! போர்டு தெரியலயா?"

அவன் திரும்பினான். நெற்றியில் வழிந்த மழை இமைகளில் தங்கி நின்றது. அந்தக் கண்கள்... குறும்பும் கெஞ்சலுமாக...

"போர்டு தெரியுது மிஸ். கால்தான் வரமாட்டுது."

முழங்கால்வரை புதைந்திருந்தான்! சலிப்போடு குடையை மடக்கி நீட்டினாள். அவன் பிடித்து இழுத்தான். கால் வந்தது. செருப்பு வரவில்லை. குடையின் கம்பி இரண்டு முறிந்தது.

"அலாமாக்! இதுக்குத்தான் வந்தீங்களா? எத்தன மீன் பிடிச்சீங்க?"

"மூணு மணி நேரமா நிக்கிறேன். ஒண்ணுகூட இல்ல."

"இதுல ஈப்போல ஒரு மடையன், ஏர்கோன்ல உட்கார்ந்துகிட்டு, மொத்தம் எத்தன மீனுன்னு கேக்குறான்!"

அவன் தொண்டையைச் செருமினான்.

"அந்த மடையன் நான்தான் டீச்சர். விக்னேஸ்வரன்."

ஷாமினிக்குக் காது மடல்கள் சூடேறின. மன்னிப்புக் கேட்கலாமா? சேச்சே... மூன்று முறை திருப்பி அனுப்பியவனிடமா?

"அந்தப் போராங்க, அதான் விண்ணப்பப் பாரத்த, நான் தயாரிக்கல. ஆனா ஒரு கட்டம் காலியா இருந்தாலும் மேல போகாது. மீன் இருக்குன்னு நானே பார்த்து எழுதிடலாமேன்னு லீவு நாள்ல வந்தேன்" என்றான்.

அவள் தூண்டிலைப் பிடுங்கினாள். புழுவை மாற்றினாள். ஆழம் பார்த்து வீசினாள். பத்தே நிமிடம்... உள்ளங்கை அகலத் திலாப்பியா ஒன்று துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

"எழுதிக்குங்க. ஒண்ணு."

அவன் சிரித்தான். மழையிலும் கேட்ட சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

அதன்பின் தினமும் போன். முதலில் விண்ணப்பம் பற்றி. பிறகு மழை பற்றி. பிறகு எதைப் பற்றி என்றே தெரியாமல்... திடீரென்று ஒருநாள் எல்லாம் நின்றது. அவள் அழைத்தால் எடுப்பதில்லை. செய்திக்குப் பதிலில்லை. ஒரு வாரம் கழித்து வந்த கடிதம், 'உங்கள் கோப்பு வேறு அதிகாரிக்கு மாற்றப்பட்டுள்ளது' என்றது.

தொல்லை என்று கைகழுவிவிட்டான்! என்னை விடு... பிள்ளைகளையுமா? இனி அவனிடம் பேசினால் ஏனென்று கேள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலும் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மாதக் கடைசி நெருங்கவும் ஈப்போவுக்கே கிளம்பிவிட்டாள்.

புதிய அதிகாரி கலாதேவி, ஐம்பது வயதுக்காரர், அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா. உங்க மானியம் நேத்தே பாஸாயிருச்சு. தூண்டில், அங்கி, வேன்... எல்லாந்தான்."

துள்ளிக் குதிக்க வேண்டிய செய்தி. கண் கலங்கியது. ஆனாலும் கோபம் போகவில்லையே!

"அவர் ஏன்க்கா பைல தள்ளிவிட்டாரு?"

"அத அவன்கிட்டயே கேளுங்க. கீழதான் நிக்கிறான்."

வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"போன் எடுக்கத் தெரியாதா உங்களுக்கு? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அவன் பையிலிருந்து ஒரு கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினான். மலாய் மொழியில் நான்கே வரிகள். 'விண்ணப்பதாரரிடம் எனக்குத் தனிப்பட்ட ஈடுபாடு ஏற்பட்டுள்ளது. எனவே இந்தக் கோப்பை நான் பரிசீலிப்பது முறையாகாது.'

ஒருமுறை படித்தாள். நம்பாமல் மறுபடியும்...

"இத யார் யாரு பார்த்தாங்க?"

"கலாதேவி அக்கா... எங்க பெரியவரு... டைப் அடிச்சவங்க..."

"ஆக, ஆபிஸ் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது!"

"முடிவு வர்ற வரைக்கும் பேசக்கூடாது டீச்சர். அந்தப் பிள்ளைங்களுக்குக் கிடைச்சது என் தயவுலன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லிறக் கூடாது. இன்னிக்குச் சாயந்திரம் உங்க வீட்டுக்கு வர்றதா இருந்தேன். என்ன சொல்றதுன்னுதான் காலைலேர்ந்து யோசிச்சுட்டு நிக்கிறேன்."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடிப் பிடித்துக் குரலில் கொண்டுவந்தாள்.

"மூணு வாரம்! ரெண்டாம் வகுப்புக்கு ஒரே பாடத்த ரெண்டு நாள் நடத்தியிருக்கேன். பிள்ளைங்க சிரிக்குதுங்க. எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேக்குறாங்க. எல்லாம் யாரால?"

"டீச்சர்..."

"புடிச்சிருக்குலா! ரொம்பப் புடிச்சிருக்கு. இல்லாட்டி இவ்வளவு கோவம் எனக்கு ஏன் வருது?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாதீங்க. மூணு வாரம் பேசாம இருந்தீங்கல்ல... இன்னும் ரெண்டு நிமிஷம் இருங்க."